ஓரப்பயிர்

சூரியகாந்திப் பூ நாள் முழுக்க சூரியனோடு சேர்ந்து திரும்பும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை சார். மொட்டாக இருக்கும்வரைதான் அந்த ஆட்டமெல்லாம். பூத்து முற்றிவிட்டால் கிழக்கே பார்த்து நின்றுவிடும். அப்புறம் நீங்கள் கெஞ்சினாலும் திரும்பாது. என் வயலுக்குக் கிழக்கே தார்ச்சாலை போகிறது. ஜீப்பில் வருகிற எந்த அதிகாரிக்கும் என் பூக்கள் எல்லாம் எழுந்து நின்று வரவேற்பது போலத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவர் பாவம், அவருடைய பூக்கள் அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவர் என்னைப் பார்த்து வயிறெரிவார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் கேள்விக்குத்தான் வருகிறேன். என் மைத்துனன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் மானியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். நான் எதையும் கோத்துச் சொல்கிற ஆள் இல்லை, நடந்தபடிதான் சொல்வேன்.

எண்ணெய் வித்து விதைத்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் தருகிறது. விளைந்ததா, விற்றதா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். விதைத்திருக்கிறதா என்று மட்டும் ஒரு கண்காணிப்பாளர் வந்து பார்ப்பார். முன்பு இருந்தவர் தங்கமான மனிதர். அவருக்கு முழங்கால் வலி, ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்குவார், பூக்களைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். முதல் வருடம் நாங்கள் எல்லாரும் யோக்கியமாக வயல் முழுவதும் விதைத்தோம். மழை ஏமாற்றியது. விதை வாங்கிய காசு, உழவுக் கூலி எல்லாம் மண்ணோடு போயிற்று. அந்த வருடம் எங்களைத் தூக்கி நிறுத்தியது மானியம் ஒன்றுதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜீப்பில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஓரத்து வரிசைகளைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆள் உயரத்துக்கு வளர்கிற செடி. பிறகு நடுவில் எதற்கு வீணாக விதையைக் கொட்ட வேண்டும்? வயலின் நான்கு பக்கமும் நெருக்கமாக ஆறு வரிசை விதைத்தேன், அந்த ஓரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டேன், நடுவை அப்படியே விட்டேன். ஓரப்பயிர் கொழுகொழு என்று வந்தது. கண்காணிப்பாளர் கூட, "தலைவரே, உங்க வயல்தான் இந்தப் பக்கத்துக்கே அழகு" என்றார்.

நான் விவசாயிகள் சங்கத் தலைவன். தலைவன் என்றால் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் இல்லையா? சொல்லித்தந்தேன். அடுத்த பருவத்தில் ஊரே அப்படித்தான் விதைத்தது. இதற்கு எங்கள் ஊரில் 'பவுடர் போடுவது' என்று பெயர். "என்னப்பா, வயலுக்குப் பவுடர் போட்டாச்சா?" என்று கடைத்தெருவில் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்வார்கள். திருட்டு என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அரசாங்கம் விதைத்ததைக் காட்டச் சொன்னது; நாங்கள் காட்டினோம்.

இனி மைத்துனன். என் மனைவியின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவன், அங்கேயே இருந்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அவனுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். வாயைத் திறக்க மாட்டான். ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டுவான், தலையை ஆட்ட வேண்டிய இடத்தில் எழுந்து போய்விடுவான். ஆனால் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தால் அவனை அடிக்க ஆள் கிடையாது. நூல் பிடித்த மாதிரி உழுவான். நான் அவனை வேலைக்காரன் போல நடத்தியதாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். ஒரே மேஜையில்தான் சாப்பிட்டோம்.

என் வயலின் நடுவில் ஒரு பழைய கிணறு. கல் கட்டிய கிணறு, வற்றிப் பல காலம் ஆகிறது, எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. கிணறும் அதைச் சுற்றியுள்ள மேடும் விதைப்புப் பரப்பில் சேராது என்று கழித்துவிடுவார்கள். அந்தத் துண்டு நிலத்துக்கும் மானியம் கிடைக்கட்டுமே என்று நானும் அவனும் சேர்ந்து கிணற்றின் மேல் பழைய மரச்சட்டங்களை அடுக்கி, தார்ப்பாய் விரித்து, மேட்டை வெட்டி அந்த மண்ணையே மேலே பரப்பினோம். மூடியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு ஆள் நடந்தால் தாங்கும். டிராக்டர் ஏறினால் தாங்காது. அதனால் கிணறு இருக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் அவனே இரண்டு கம்பு நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டினான். உழும்போது அந்தக் கம்புகளைப் பார்த்து விலகிப் போவான். வேறு யாருக்கும் அந்த விஷயம் தெரியாது. நான், அவன், என் மனைவி. அவ்வளவுதான்.

போன மாதம் விதைக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மூட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"தலைவரே, உங்க மச்சினன் மானிய ஆபீஸ்ல என்ன பண்றாரு? நேத்து போனப்ப உள்ள ரூம்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாரு."

"டீசல் மானியத்துக்குப் போயிருப்பான்."

"டீசலுக்கு ஜன்னல்லயே வேலை முடிஞ்சிடுமே. நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தாங்க. அதுவும் அவரு பேசறாரு, அவங்க கேக்கறாங்க. எனக்கே ஆச்சரியமாப் போச்சு."

நான் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன். வீட்டில் எங்கள் இரண்டு பேர் முன்னாலேயே பேசாதவன், ஆபீசில் போய் என்ன பேசுகிறான்? அன்று சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"மாப்ள, ஆபீஸ் பக்கம் போனியா?"

"ம். டீசலுக்கு."

"உள்ள கூப்பிட்டாங்களாமே?"

"ஆமா மாமா."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு ஒரு மனிதன் எதற்காகத் தட்டைப் பார்க்க வேண்டும்? நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்குத் தெரியாததா? என் மனைவி, "சாப்பிடறவனை என்னங்க துருவித் துருவிக் கேட்டுக்கிட்டு" என்றாள். நான் அதோடு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றால் வாயால் கேட்பதை விட்டுவிட்டேன். கவனிக்க ஆரம்பித்தேன். அவன் போன் அடித்தால் வெளியே போய்ப் பேசினான். நான் வந்தால் வைத்துவிட்டான். முன்பெல்லாம் என்னோடு சேர்ந்து வயலுக்கு வருவான், இப்போது எனக்கு முன்னால் போய்விட்டு நான் போகும்போது திரும்பி வந்தான். ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். உறுத்தல் இருக்கிறவனுக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் நான் கற்பனை செய்தது இல்லை சார், கண்ணால் பார்த்தது.

அதற்குள் முழங்கால்காரர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு அம்மா வந்தார். சின்ன வயது. மற்றவர்கள் அவரைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தார்கள். நான்தான் தைரியம் சொன்னேன். என் வயலருகே ஜீப்பை நிறுத்தி இறங்கினார். பூக்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு வெகு இயல்பாகக் கேட்டார்.

"ஐயா, உங்க வயலுக்கு நடுவுல ஒரு கிணறு இருந்துதே, அத என்ன பண்ணீங்க?"

"மூடியாச்சும்மா."

"மண்ணு கொட்டியா?"

"ஆமாம்மா. முழுசா."

"சரி. நாளன்னிக்கு வந்து உள்ள நடந்து பாக்கறேன். நடுவுல பயிர் எப்படி இருக்குன்னும் பாத்திடலாம்."

வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகாத பெண். சாலையில் நின்றால் கிணறு தெரியாது. ஏணி போட்டு ஏறினாலும் தெரியாது. அவருக்கு எப்படித் தெரிந்தது? சாலையோரம் நின்றபடியே யோசித்தேன். தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் சொல்லவில்லை. என் மனைவி வாசலைத் தாண்ட மாட்டாள். மிச்சம் யார்? கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதனால் எனக்கு என்னென்ன போய்விடும் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வழக்குப் போடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. இந்த வித்தையை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னைப் பிடித்தால் அடுத்தடுத்து எல்லாரையும் பிடிப்பார்கள், எல்லாரும் என்னைக் கைகாட்டுவார்கள். இத்தனை வருடம் நான் தெருவில் நடந்தால் எழுந்து நின்றவர்கள் என் முகத்தில் காறித் துப்புவார்கள். அந்த நினைப்பு எனக்குத் தாங்கவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தான் என்று யாரும் சொல்லக் கூடாது.

நடுவில் விதைத்த பயிர் நோய் வந்து போய்விட்டது, அதனால் உழுது போட்டுவிட்டோம் என்று அந்த அம்மாவிடம் சொல்லலாம் என முடிவு செய்தேன். அதற்கு நடு வயல் புதிதாக உழுத மாதிரி இருக்க வேண்டும். மைத்துனனைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுபேச்சு பேசாமல் தலையை ஆட்டினான். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டவனுக்கு உழுதால் என்ன, உழாவிட்டால் என்ன?

அன்று சாயங்காலம் வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். தனக்குச் சொந்தமான வயலைப் பார்க்க ஒருவன் போகக் கூடாதா? நடுவில் அந்த இரண்டு கம்புகளும் நின்றன. துணி சாயம் போயிருந்தது. அந்த அம்மா உள்ளே வந்தால் முதலில் அவர் கண்ணில் படுவது இந்தக் கம்புகள்தான். எதற்கு இவை என்று கேட்பார். அதனால் பிடுங்கிவிட்டேன். என் வயல், என் கம்பு. இதுவரைக்கும் இதில் எந்தக் குற்றமும் இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

மறுநாள் காலையில் அவன் டிராக்டரை எடுத்தான். என் மனைவி சமையலறையிலிருந்து, "அவனை ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க, நேத்துலேருந்து வயிறு காஞ்சு கிடக்கான்" என்றாள். நான் சொன்னேன். அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். வயல் வரைக்கும் நானும் கூடவே நடந்து போனேன். ஓரப்பயிருக்கு நடுவே வண்டி நுழைய வழி விட்டிருந்தோம். அங்கே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பார்த்தான். அவன் நேருக்கு நேராக என் முகத்தைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம். மொதல்ல உழுதுட்டு வா."

"இல்ல மாமா, அந்த ஆபீஸ் விஷயம். நானே சொல்லிடணும்னு ரெண்டு நாளா..."

"மாப்ள, அந்தம்மா வர்றதுக்குள்ள முடியணும். வேலையை முடி. சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

அவன் சாவியைத் திருகி இன்ஜினைக் கிளப்பினான். அப்புறம், "சரி மாமா" என்றான். எப்போதும் அப்படித்தான், நான் சொன்னதைத் தட்ட மாட்டான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் நான் இளகிவிடுவேன். எனக்கு இளகிய மனசு, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் கேட்க விடவில்லை.

நான் வீட்டுக்குத் திரும்பி வந்து முகம் கழுவி உட்கார்ந்தேன். டிராக்டர் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, சீராக வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு தடவை உறுமிவிட்டு நின்றுபோயிற்று. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "ஏங்க, சத்தத்தைக் காணோமே" என்றாள். "டீசல் தீந்திருக்கும்" என்றேன். அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். வாசலைத் தாண்டாதவள் என்று சொன்னேனே, அன்று ஓடினாள்.

நான் அழுதேன் சார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நடிப்பு இல்லை. அவனைக் கயிறு கட்டித் தூக்கும்போது நானும் ஒரு பக்கம் கயிறு பிடித்தேன். ஊரே வயலில் கூடிவிட்டது. அதனால்தான் மற்ற எதையும் கவனிக்க முடியவில்லை. விபத்து நிவாரணத்துக்கு அடுத்த வாரமே மனுப் போட்டேன் என்று அதையும் ஒரு குறையாகச் சொல்கிறார்கள். கெடு தேதி போனால் வாங்க மாட்டார்கள். அவனுக்கு அக்காவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அவளுக்காகத்தான் போட்டேன்.

நீங்கள் இன்று காலையில் சொன்னதைக் கேட்டு நான் அதிர்ந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள். யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பறக்கும் கேமராவை விட்டு எல்லா வயலையும் மேலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள் என்றீர்கள். படங்களையும் காட்டினீர்கள். நன்றாகத்தான் இருந்தன. எங்கள் ஊர் வயல்கள் எல்லாம் சுவரில் மாட்டுகிற கண்ணாடிச் சட்டங்கள் மாதிரி, சுற்றிலும் மஞ்சள், நடுவில் ஒன்றுமில்லை. ஜீப் உயரத்துக்கு மேலே ஒரு கண் இருக்கும் என்று எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள், எனக்கும்தான். பல வருடத்துக்கு முந்தைய படத்தில் கிணறு தெரிகிறது, புதிய படத்தில் காணவில்லை, அதனால்தான் அந்த அம்மா கேட்டார் என்றீர்கள்.

அதற்கப்புறம் இன்னொன்றும் சொன்னீர்கள். டீசலுக்குப் போன என் மைத்துனன் அந்தப் படத்தை அங்கே பார்த்துவிட்டானாம். இது யார் வேலை என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. விதைய வாங்கிக் குடுத்தாரு, நான்தான் நடுவுல விதைக்காம வித்துட்டேன். கிணத்தையும் நான்தான் மூடினேன். கேஸ் போடறதா இருந்தா என் மேல போடுங்க" என்று சொன்னானாம். அக்கா வீட்டுக்கு அவமானம் வரக் கூடாது என்றானாம். அந்த அறையில் அவன் பேசிக்கொண்டிருந்தது அதைத்தானாம்.

நான் தண்ணீர் குடித்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவன் அப்படிச் சொல்லியிருக்கலாம். நல்ல பையன்தான். ஆனால் இன்றைக்கு என்னைக் காப்பாற்றுவதற்காகப் பேசினவன், நாளைக்கு வழக்கு அவன் கழுத்துக்கு வந்தால் உண்மையைச் சொல்ல மாட்டான் என்று என்ன நிச்சயம்? எத்தனை பேர் கடைசிவரை தாங்குகிறார்கள்? ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சொல்லியிருப்பான். நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன்.

கம்பு விஷயத்தில் நான் முழுதாகச் சொல்லவில்லை என்று நீங்கள் நினைப்பது சரி. வெறுமனே பிடுங்கியிருந்தால் அவன் வண்டியை நிறுத்தியிருப்பான். கம்பைக் காணாமல் அவன் நடு வயலுக்குள் ஏறவே மாட்டான், அவ்வளவு ஜாக்கிரதைக்காரன். அதனால் பிடுங்கி, வடக்கே தள்ளி, அதே இடைவெளி விட்டு நட்டேன். துணியைத் தட்டிச் சரி செய்தேன். அவன் அந்தக் கம்புகளை நம்புவான் என்று தெரிந்துதான் நட்டேன். அவன் விழ வேண்டும் என்றுதான் நட்டேன். போதுமா? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், நீங்கள் கேட்கிற விதம்தான் என்னைச் சுற்ற வைத்தது.

கம்பு இடம் மாறியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் அதற்கும் படத்தைத்தான் எடுத்துப் போடுகிறீர்கள். முந்தின நாள் காலைப் படத்தில் ஒரு இடம், விபத்தன்று மதியப் படத்தில் வேறு இடம். பார்த்தேன். சிவப்பாக இரண்டு புள்ளி தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் படம் என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இடிக்கிறது. ஒரு ஆளை மறைப்பதற்குப் படத்தைக் காட்டுவது உங்களுக்கு வழக்கமாக இருக்கலாம். கேமரா பார்த்தது என்று சொல்லிவிட்டால் சொன்னவர் பெயர் வெளியே வராது.

கம்பை மாற்றி நட்ட அன்று சாயங்காலம் நான் வயலிலிருந்து திரும்பியபோது பின்கதவைத் திறந்தது என் மனைவி. "இந்த நேரத்துல எங்க போயிட்டு வர்றீங்க?" என்றாள். நான் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தேன். தம்பி செத்ததிலிருந்து அவள் தானாக என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், போய்விடுகிறாள். எட்டு நாளைக்கு முன்னால் ஒரு காலையில் வாசலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டு மதியம் வந்தாள். எங்கே என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பேப்பரைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் நானாகத்தான் சொன்னேன், யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் சார். ஜாமீன் சீக்கிரம் கிடைக்கும்படி பாருங்கள். அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள்.